வெயில், ஈரம், குளிர்: சர்க்கரை நோயாளியின் பையில் இருக்கும் பொருட்கள் எதுவரை தாங்கும்?

கோடை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். காலை வெறும் வயிற்றில் 120 இருந்த சர்க்கரை 160-ஐத் தொடுகிறது. சாப்பாடு மாறவில்லை, மாத்திரை விடுபடவில்லை. இரவு இன்சுலினை இரண்டிரண்டு யூனிட்டாக ஏற்றினால் எண் கொஞ்சம் அடங்குகிறது. அதற்குள் அந்த இன்சுலின் பென் (மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசி) தீர்ந்துபோய், ஃப்ரிட்ஜிலிருந்து புதியது வெளியே வருகிறது. ஏற்றிய அதே அளவைப் புதிய பென்னிலும் போட்டால், நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, லோ சுகர்.

இதில் நோய் மோசமாகவே இல்லை. பழைய பென் வெயிலில் கிடந்து வீரியம் இழந்திருந்தது, அவ்வளவுதான். பருவம் மாறும்போது உடம்பு மாறும், மருந்தின் வீரியம் மாறும், அளக்கும் கருவியின் கணக்கும் மாறும். திரையில் தெரிவதோ ஒரே ஓர் எண். அந்த எண்ணை மாற்றியது எது என்று பிரித்துப் பார்க்காமல் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் டைப் 2 சிகிச்சையில் பருவ மாற்றத்தால் வரும் பெரிய தவறு. ஆகவே ஒரு நோயாளி வாங்கக்கூடிய பொருட்களை, அதாவது குளிர்ச்சிப் பை, மினி ஃப்ரிட்ஜ், குளுக்கோமீட்டர், தோலில் ஒட்டும் சென்சார், கீட்டோன் ஸ்ட்ரிப் ஆகியவற்றை, ஒரே கேள்வியை வைத்து மதிப்பிடுகிறோம்: வெயிலிலும் ஈரத்திலும் குளிரிலும் இது சொல்வதை, இது காப்பதை எவ்வளவு நம்பலாம்?

தண்ணீரில் நனைக்கும் இன்சுலின் பை

இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது ஃப்ரியோ. துணிப் பைக்குள் இன்னொரு துணி உறை. அந்த உறைக்குள் தண்ணீரை உறிஞ்சி வீங்கும் பாலிமர் துகள்கள். உள் உறையைச் சாதாரணக் குளிர்ந்த நீரில் 5 முதல் 10 நிமிடம் நனைத்தால் துகள்கள் ஜெல்லாகும். வெளியே துடைத்துவிட்டு, வெளி உறையில் செருகி, நடுவில் பென்னையோ குப்பியையோ வைக்க வேண்டும். ஜெல்லில் உள்ள நீர் மெல்ல ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஐஸ் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வெளியே 37.8 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் குறைந்தது 45 மணி நேரம் உள்ளே 18 முதல் 26 டிகிரிக்குள் வைக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி.

அந்த உறுதிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஆவியாதலால் குளிரும் எந்தப் பொருளும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அது சுமார் 23 டிகிரி. பை அருமையாக வேலை செய்யும். காற்று 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 32 டிகிரி. அந்தப் பை எவ்வளவு நேரம் நனைந்திருந்தாலும் 32-க்குக் கீழே இறங்காது. வறண்ட கோடைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. புழுக்கமான மழைக்காலத்துக்கும் கடற்கரைக் கோடைக்கும் இது அரைப் பாதுகாப்புதான். வாங்கும் முன் உங்கள் இடத்து வெப்பத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஈரப்பதத்தையும் பாருங்கள்.

இந்தப் பையைக் கெடுப்பது பெரும்பாலும் பயன்படுத்தும் விதம்தான். ஈரம் மற்ற பொருட்களில் படுகிறதே என்று பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக் கட்டினால் ஆவியாதல் நின்றுவிடும். அதன் பிறகு அது வெறும் ஈரத்துணி. மூடிய டிபன் பெட்டிக்கும் ஜிப் போட்ட தோல் பைக்கும் இதே கதி. கைப்பையின் வெளிப்பக்க வலைப் பாக்கெட்டோ, காற்று படும்படி தோளில் தொங்கவிடுவதோ சரி. அதிக நேரம் நனைத்தால் துகள்கள் மிதமிஞ்சி வீங்கி, பென் உள்ளே நுழையாது. பலவந்தமாகத் திணித்தால் தையல் விடும். "இன்னும் கொஞ்சம் குளிரட்டும்" என்று ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வைப்பதும் வேண்டாம். ஜெல் உறைந்தால் அதை ஒட்டியிருக்கும் இன்சுலினும் உறையும்.

தொட்டால் சில்லென்று இல்லையே என்று நிறையப் பேர் குறைப்படுகிறார்கள். சில்லென்று இருக்க வேண்டியதில்லை. திறக்காத இன்சுலினுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி. பயன்பாட்டில் இருக்கும் பென்னுக்கு 25 அல்லது 30 டிகிரிக்குள் இருந்தால் போதும். எந்த எல்லை என்பது அந்தந்த மருந்தின் தாளில் இருக்கும். நாள் கணக்கும் மருந்துக்கு மருந்து வேறு. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் உள்ள கிளார்ஜின் இன்சுலினுக்கு 28 நாள், டெக்ளுடெக்குக்கு 56 நாள், சில கலவை இன்சுலின் பென்களுக்கு வெறும் 10 நாள். பென்னைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டாமல் எந்தப் பையை வாங்கியும் பயனில்லை.

வெப்பம் இன்சுலினை எவ்வளவு கெடுக்கும் என்பதிலும் நிதானம் வேண்டும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலின், குளிரில் வைத்த இன்சுலினுக்கு ஈடாகவே இருந்தது. ஆக, நிழலில் சில மணி நேரம் 33 டிகிரியில் இருந்த பென்னைப் பதறிப்போய்த் தூக்கி எறிய வேண்டாம். வெயிலில் நிறுத்திய கார் வேறு கதை. அதன் டாஷ்போர்டு 70 டிகிரியையும் எட்டும். அங்கே ஒரு மதியம் கிடந்த பென்னை நம்பக் கூடாது. நிறம் மாறினால், நார் நாராகத் தெரிந்தால், கலக்கியும் கட்டி கரையாவிட்டால் தூக்கிப் போடுங்கள். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. தெளிந்த இன்சுலின் வீரியம் போன பிறகும் தெளிவாகவே இருக்கலாம்.

வாரம் ஒருமுறை போடும் ஜிஎல்பி-1 பென்களுக்கும் (இன்சுலின் அல்லாத சர்க்கரை ஊசி மருந்து) இந்தப் பை பொருந்தும். டுலாகுளூடைடு ஃப்ரிட்ஜுக்கு வெளியே 30 டிகிரிக்குள் 14 நாள் தாங்கும். பயணத்துக்கு அது தாராளம்.

குளிர்காலத்தில் இந்தப் பையை எடுக்காதீர்கள். உறைபனியிலிருந்து இது காக்காது. ஈரம் இருப்பதால் உறைவதற்கு வழிதான் செய்யும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இடங்களில் பென்னை உள்சட்டைப் பாக்கெட்டில், மேலங்கிக்கு உள்ளே வையுங்கள். தோலோடு ஒட்ட வேண்டாம். இரண்டு துணிக்கு நடுவில் இருந்தால் போதும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்க்க எப்படி இருந்தாலும் குப்பைக்குத்தான். வீட்டு ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டியும் ஃப்ரீசர் தட்டுக்கு நேர் கீழேயும் உறைவது குளிர்காலத்தில்தான் அதிகம். ஏனென்றால் கோடையில் கூட்டி வைத்த குளிர் அளவை யாரும் குறைப்பதில்லை.

ஐஸ் பெட்டியும் மினி ஃப்ரிட்ஜும்

ஐஸ் கட்டி வைக்கும் பெட்டியில் இன்சுலின் ஐஸைத் தொடக் கூடாது. நடுவே தடித்த துணியோ அட்டையோ இருக்கட்டும். இரண்டு மணி நேரப் பயணத்துக்குச் சரி, அதற்கு மேல் ஐஸ் உருகியதும் ஈரமும் வெப்பமும் சேர்ந்துவிடும்.

யூஎஸ்பி-யில் ஓடும் சிறு குளிர்பெட்டிகளில் பெரும்பாலானவை பெல்டியர் தகட்டால், அதாவது மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகட்டால், குளிர்விப்பவை. சூழலைவிட 15 முதல் 20 டிகிரி வரை மட்டுமே குறைக்க முடியும். வெளியே 42 டிகிரி என்றால் உள்ளே 22-க்கு மேல்தான். விளம்பரத்தில் "2 முதல் 8 டிகிரி" என்று எழுதியிருந்தாலும், அது சுமார் 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மாடல் குளிர்கால அறையில் உறையும் வரை குளிர்வித்துக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாததை வாங்கவே வேண்டாம். இருப்பதையும், திறக்காத ஒரு மாத இருப்பை வைக்க அல்ல, கையிலுள்ள பென்னைக் காக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் உள்ளே ஒரு சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவு செய்யும் வகை. பட்டியலில் மிகச் சாதாரணமான பொருள் இதுதான், மிகவும் பயனுள்ளதும் இதுதான்.

குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும்

மீட்டர் வாங்குபவர்கள் திரை எவ்வளவு பெரிது, எத்தனை நொடியில் முடிவு வரும், ப்ளூடூத் உண்டா என்று கேட்கிறார்கள். பருவத்துக்கு முக்கியமான மூன்று வரிகள் ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் சிறிய எழுத்தில் இருக்கின்றன: இயங்கும் வெப்ப எல்லை, சேமிக்கும் வெப்ப எல்லை, ஹீமாடோகிரிட் எல்லை.

இயங்கும் எல்லை பல மீட்டர்களுக்கு 10 முதல் 40 டிகிரி வரை. நல்ல மாடல்களுக்கு 5 முதல் 45 வரை. ஸ்ட்ரிப்பில் வேலை செய்வது ஓர் என்சைம். அதன் வேகம் வெப்பத்தோடு மாறும். மீட்டர் தன் உடலின் வெப்பத்தை அளந்து அதற்கேற்ப எண்ணைத் திருத்துகிறது. இங்கேதான் சிக்கல். குளிரில் வெளியே இருந்த மீட்டரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே அளந்தால், மீட்டர் ஒரு வெப்பத்திலும் ஸ்ட்ரிப் இன்னொரு வெப்பத்திலும் இருக்கும், திருத்தமும் தவறாகும். இரண்டையும் ஒரே இடத்தில் 20 முதல் 30 நிமிடம் வைத்துவிட்டு அளக்க வேண்டும். எல்லைக்கு வெளியே போனால் பிழைக் குறி காட்டி அளக்க மறுக்கும் மீட்டரே நல்ல மீட்டர். எந்த வெப்பத்திலும் தயங்காமல் ஓர் எண்ணைக் காட்டும் மீட்டர் வசதியாகத் தோன்றும். நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஸ்ட்ரிப்பைச் சேமிக்கும் எல்லை பொதுவாக 30 டிகிரி வரை. கோடையில் இதைத் தாண்டாத வீடு குறைவு என்பதால் பலர் ஸ்ட்ரிப் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். அது தவறு. குளிர்ந்த டப்பாவைத் திறந்ததும் காற்றின் ஈரம் உள்ளே பனித்துப் படியும். ஸ்ட்ரிப்புக்கு வெப்பத்தைவிட ஈரம் பெரிய எதிரி. டப்பாவின் மூடியிலோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை எடுத்த மறுகணமே மூடினால்தான் அது வேலை செய்யும். மழைக்காலத்தில் மூடியைத் திறந்தே வைத்துவிட்டு விரலைக் குத்தி முடித்து மெதுவாக மூடுவதும், நாலு ஸ்ட்ரிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் அந்த டப்பாவையே வீணாக்கும். புழுக்கமான ஊர்களில் இருப்பவர்களுக்கு, ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் தனித்தனி அலுமினியத் தாளில் வரும் வகை ஏற்றது. 50 ஸ்ட்ரிப் டப்பாவைவிட 25 ஸ்ட்ரிப் டப்பா நல்லது, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஹீமாடோகிரிட் என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. கோடையில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகி இந்தப் பங்கு ஏறும். ஏறினால் பல மீட்டர்கள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நீர் வற்றும்போது உண்மையான சர்க்கரை ஏறுவதுதான் வழக்கம். ஏறுகிற நேரத்தில் கருவி இறக்கிக் காட்டினால் எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. ரத்தசோகையில் இதற்கு நேர்மாறு, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். புதிய மீட்டர்கள் இதைத் திருத்திக்கொள்கின்றன, ஆனால் தாளில் சொன்ன எல்லைக்குள் மட்டும். அகலமான எல்லை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் அடர்மஞ்சளாகி, எழுந்தால் தலை சுற்றும் நிலையில் விரல்நுனி எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மருத்துவமனையில் ரத்தநாளத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

மலை ஏறுபவர்களுக்கு ஒரு வரி: குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம் உள்ள ஸ்ட்ரிப்புகள் ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் கூடுதலாகக் காட்டக்கூடும். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

குளிர்காலத்தில் பிரச்சினை விரலில் தொடங்குகிறது. ரத்தம் வராததால் விரலைப் பலமாகப் பிதுக்குகிறார்கள். அப்போது ரத்தத்தோடு திசுநீரும் கலந்து, எண் கீழே விழும். வெதுவெதுப்பான நீரில் கை கழுவி, ஒரு நிமிடம் கையைக் கீழே தொங்கவிட்டு, நன்றாகத் துடைத்து, விரல்நுனியின் பக்கவாட்டில் குத்தினால் பிதுக்கத் தேவையிருக்காது. துடைக்காத ஈரமும் துளியை நீர்க்கச் செய்து எண்ணைக் குறைக்கும். பழம் தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால் எண் எகிறும்.

துல்லியத்துக்கு ஐஎஸ்ஓ 15197:2013 என்ற தரம் இருக்கிறது. 100-க்குக் கீழே உள்ள அளவுகளில் 15 மில்லிகிராமுக்குள்ளும், 100-ம் அதற்கு மேலும் உள்ளவற்றில் 15 சதவீதத்துக்குள்ளும் 95 சதவீத முடிவுகள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதாவது உண்மை 160 என்றால் மீட்டர் 136 முதல் 184 வரை எதைக் காட்டினாலும் தரத்துக்கு உட்பட்டதே. நேற்று 148, இன்று 165 என்று வந்தால் பருவம் மாறிவிட்டது என்று முடிவு கட்ட அதில் எதுவும் இல்லை. ஒரு வாரத்துச் சராசரியைப் பாருங்கள்.

மீட்டரோடு கன்ட்ரோல் சொல்யூஷன் (மீட்டரைச் சோதிக்கும் சர்க்கரைத் திரவம்) கிடைக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதன் ஒரு துளியை ரத்தத்துக்குப் பதில் வைத்தால், ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வர வேண்டும். வராவிட்டால் குறை மீட்டரிலோ ஸ்ட்ரிப்பிலோ இருக்கிறது, உங்கள் உடம்பில் இல்லை. திறந்த பாட்டில் பெரும்பாலும் 3 மாதம்தான் தாங்கும்; பருவத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோலில் ஒட்டும் சென்சார்

ஃப்ரீஸ்டைல் லிப்ரே, டெக்ஸ்காம் போன்றவை ரத்தத்தை அல்ல, தோலடி நீரில் உள்ள குளுக்கோஸை அளக்கின்றன. ரத்தத்துக்கும் அதற்கும் சில நிமிடப் பின்னடைவு உண்டு. சர்க்கரை வேகமாக இறங்கும்போது, திரையில் 85 தெரிகையில் ரத்தத்தில் 70-க்குக் கீழே போயிருக்கலாம். கோடையில் சூடான தோல் வழியாக இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும் நேரங்களில் இதை மனதில் வையுங்கள். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள்.

பருவத்தைப் பிரித்துப் பார்க்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. வெறும் வயிற்று எண் ஏன் ஏறியது என்பதற்கு விடை இரவு வரைபடத்தில் இருக்கிறது. நள்ளிரவிலிருந்து ஒரே மட்டத்தில் உயர்ந்து நிற்கிறதா, விடியற்காலையில் மட்டும் ஏறுகிறதா, 2 மணிக்கு இறங்கிப் பிறகு எழுகிறதா என்று தெரிந்துவிடும். ஆண்டு முழுவதும் போட வசதி இல்லாதவர்கள், கோடை தொடங்கும்போது ஒரு சென்சாரும் குளிர் தொடங்கும்போது ஒரு சென்சாரும் போட்டு, இரண்டு வார வரைபடத்தை மருத்துவரிடம் காட்டினாலே பெரும்பயன்.

குறைகள் இரண்டு பருவத்திலும் வேறுவேறு. கோடையில் வியர்வையால் ஒட்டு விடும். ஒட்டுமிடத்தை சோப்பில் கழுவி, ஆல்கஹால் துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பின் ஒட்ட வேண்டும்; பாடி லோஷன் போட்ட அன்று ஒட்டவே கூடாது. மேலே ஒட்டும் வளைய டேப் உதவும், ஆனால் சென்சாரின் நடுத்துளையை மூடக் கூடாது. இன்னொன்று கைபேசி. 35 டிகிரிக்கு மேல் பல கைபேசிகள் சூடேறி அணைந்துவிடும். அணைந்த கைபேசியில் லோ சுகர் அலாரம் அடிக்காது. வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தனி ரீடர் உள்ள மாடலே ஏற்றது.

குளிர்காலக் குறை இன்னும் நுட்பமானது. சளி, காய்ச்சல் என்று மாத்திரை போடும் காலம் அது. லிப்ரே 2 சென்சாரில் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் பொய்யாக ஏறித் தெரியலாம். டெக்ஸ்காம் ஜி6-ல் வைட்டமின் சி அல்ல, பாராசிட்டமால். 6 மணி நேரத்துக்கு 1 கிராமைத் தாண்டினால் கூடுதலாகக் காட்டும். பொய்யாக ஏறிய எண்ணுக்கு இன்சுலின் போட்டால் உண்மையில் சர்க்கரை விழும். எந்த சென்சார் எந்த மருந்துக்கு இடறும் என்பது தாளில் இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் படித்துக் கோடிட்டு வையுங்கள். கனமான போர்வைக்குள் சென்சார் உள்ள கையின் மேல் படுத்தால், அழுத்தத்தால் பொய்யான லோ காட்டி நள்ளிரவில் எழுப்பும். கையை மாற்றிப் படுத்து 15 நிமிடத்தில் எண் தானாக ஏறினால் அது அழுத்தக் குறைதான். சந்தேகம் இருந்தால் முதலில் விரலில் பாருங்கள்.

கீட்டோன் ஸ்ட்ரிப்: யாருக்கு வேண்டும்?

எல்லா டைப் 2 நோயாளிகளுக்கும் இது தேவையில்லை. டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தேவை. இந்த மாத்திரை சிறுநீரில் சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றுகிறது. கொளுத்தும் வெயிலில் அதோடு வாந்தியோ பேதியோ சேர்ந்து சாப்பாடும் இறங்காவிட்டால், சர்க்கரை 250-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) விஷமாக ஏறலாம். குளுக்கோமீட்டரை மட்டும் பார்ப்பவர் "சுகர் நார்மல்தானே" என்று இருந்துவிடுவார். ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் சரி, 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவ உதவி, 3 என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவு. வாங்குவதாக இருந்தால் ரத்த ஸ்ட்ரிப்பே வாங்குங்கள். சிறுநீர் ஸ்ட்ரிப் காட்டுவது அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகைக் கீட்டோனை. இந்நிலையில் பிரதானமாக ஏறும் இன்னொரு வகையான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை அது காட்டாது.

எண் மாறினால் எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் கை கழுவி மறுபடி அளக்க வேண்டும். அடுத்து கன்ட்ரோல் சொல்யூஷன். கருவி சரி என்றால், பென்னைத் திறந்த தேதியையும் அது இருந்த இடத்தையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் பென்னை மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது, பழைய பென்னில் ஏற்றிய அளவைப் புதியதில் போடாமல், ஏற்றுவதற்கு முந்தைய அளவிலிருந்து தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பிறகு ஊசி போடும் இடம். தடித்துப் போன இடத்தில் போட்டால் எந்தப் பருவத்திலும் உறிஞ்சாது. இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் உடம்பு மாறியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

உடம்பு மாறுவதும் உண்மைதான். குளிரில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் ஏறும், நடை குறையும், பசி கூடும், தோல் சுருங்கி இன்சுலின் மெதுவாக உறிஞ்சப்படும். மூச்சுத்தொல்லைக்கு காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் மதியமும் மாலையும்தான் சர்க்கரை எகிறும், மறுநாள் காலை எண் அழகாக இருக்கும். அந்த நாட்களில் மாலை 4, 5 மணிக்கு அளக்காதவருக்கு எதுவும் தெரியவராது. வெயிலில் எதிர்த்திசை. சூடான தோல் இன்சுலினை வேகமாக இழுக்கும், சாப்பாடு குறையும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அந்த வியர்வையும் நடுக்கமும் வெயிலால் வந்தது என்று நினைத்துத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். வெயிலில் வியர்த்து நடுங்கினால் முதலில் அளக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு.

அடிப்படை இன்சுலினை (நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் வகை) கூட்டுவதற்கு வழக்கமான முறை, 3 நாளைக்கு ஒருமுறை 2 யூனிட். காரணம் தெரியாத லோ வந்தால் 10 முதல் 20 சதவீதம் குறைப்பு. இந்த எல்லைகளை உங்களுக்காக மருத்துவர் எழுதித் தரட்டும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் நாட்களில் மெட்ஃபார்மினையும் எஸ்ஜிஎல்டி2-ஐயும், ரத்த அழுத்த மருந்துகளில் சிலவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். எதை, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை வெயில் வருவதற்கு முன்பே கேட்டுத் தாளில் எழுதி, மருந்துகள் வைக்கும் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் எடுக்கும் ஹெச்பிஏ1சி

சில மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனைக்கும் பருவம் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் முடிவுகளை வைத்து 2005-ல் வெளியான ஆய்வில், குளிர்கால உச்சத்துக்கும் கோடைத் தாழ்வுக்கும் இடையே சுமார் 0.2 சதவீதப் புள்ளி வேறுபாடு இருந்தது. ஒருவரின் தனிப்பட்ட ஏற்றம் இதைவிடக் கூடலாம், குறையலாம். இந்தச் சோதனை கடந்த 8 முதல் 12 வாரத்தைச் சொல்கிறது. அதில் பாதிப் பங்கு கடைசி 30 நாளுடையது என்பதால், குளிரின் பாதிப்பு குளிர் முடியும் தறுவாயில்தான் முழுதாகத் தெரியும். கோடை முடிவில் 7.0, குளிர் முடிவில் 7.2 என்று வந்ததற்காகப் புதிய மாத்திரை சேர்த்தால், அடுத்த கோடையில் அது லோ சுகராகத் திரும்பி வரும். போன ஆண்டு இதே மாதத்து முடிவு 7.2 என்று இருந்தால் எதுவும் மாறவில்லை; 6.6 என்று இருந்தால் அது உண்மையான ஏற்றம். எனவே பழைய முடிவுகளைத் தேதியோடு ஒரே கோப்பில் வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதை ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில் எடுங்கள். ரத்தம் எடுக்கும் நாளன்று உங்கள் மீட்டரையும் கொண்டுபோய், வெறும் வயிற்றில் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்த 5 நிமிடத்துக்குள் விரலில் அளந்து, அந்த எண்ணை ரசீதின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் ஆய்வகத்தின் வெறும் வயிற்றுச் சர்க்கரை முடிவு வந்ததும் இரண்டுக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்த ஸ்ட்ரிப் டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதைத் திறந்து கன்ட்ரோல் சொல்யூஷனோடு சோதியுங்கள்.